யுன்ஷியா அழாத நாள்

ஜப்பான்காரன் பிடித்த பிறகு சீனாவில் எங்கள் சூச்சோ நகரில் யுன்ஷியாவின் சொந்தக்காரர்கள் வரிசையாகச் செத்தார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பிறந்ததே இல்லை. காலரா பிணம் என்றால் காவலர்கள் சவப்பெட்டியைத் திறக்க மாட்டார்கள். அதனால் மாதர் சங்கம் அதற்குள் வைத்துப் போராளிகளுக்கு மருந்து அனுப்பியது. மருந்தோடு கனத்துக்குச் செங்கல் அடுக்கி மூடுவதும் வழியெல்லாம் அழுவதும் யுன்ஷியா, தூக்குவது நாங்கள்.

அன்று கோட்டை வாசல் நெருங்கியும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"அழுடீ, மாட்டிக்குவோம்," என்றாள் சங்கத் தலைவி ஃபாங். "இல்லாத மாமனாருக்கு அன்னிக்கு அந்த அழுகை அழுதியே?"

"முடியலக்கா. அசதியா இருக்கு."

காவலன் மறித்தான். "இப்ப யாரும்மா?"

"புருஷன்."

"புருஷனுக்கா இப்படி? எங்க வீட்டுல கோழி செத்தாலே இதைவிட அழுவாங்க."

ஃபாங் அவளுக்கும் சேர்த்து ஓலமிட்டாள். காவலன் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டான்.

ஏரிக்கரையில் காத்திருந்த போராளி மூடியைத் திறந்ததும் பின்வாங்கினான். "என்னக்கா, நிஜமாவே ஆள் இருக்கு?"

"என் வீட்டுக்காரர். விடியக்காலைல போயிட்டார்," என்றாள் யுன்ஷியா. "இந்த மருந்துல ஒரு குப்பி போட்டுக்கங்கன்னு கெஞ்சினேன். உங்களுக்கு வச்சதைத் தொடமாட்டேன்னுட்டார். மருந்து அடியில இருக்கு. அவரை மெதுவாத் தூக்குங்க."