இரண்டு சீப்புகளும் ஒரு தலையும்

டைபாய்டு காய்ச்சலுக்குப் பிறகு பூங்கோதையின் முடி மெலிந்து, தொட்டாலே அறுந்தது. நெருக்கமான பற்கள் கொண்ட சீப்பு தினமும் உச்சியிலிருந்து இழுக்கும். முடி கொத்தாகக் கையோடு வரும். ஒரு நாள் அவள் அழுதேவிட்டாள்.

"சிக்கு விடலை, நான் என்ன செய்ய?" என்றது சீப்பு.

"நகரு தம்பி" என்று அகலப் பற்கள் கொண்ட மரச்சீப்பு வந்தது. நுனியில் தொடங்கி, ஒவ்வொரு சிக்காகப் பிரித்து, மெதுவாக மேலே ஏறியது.

"இப்படிச் சீவினா பஸ் போயிடும்!" என்று சிரித்தது முதல் சீப்பு.

பஸ் போய்விட்டது. ஆனால் மரச்சீப்பில் இரண்டே முடிதான் இருந்தது.

"அடுத்த பஸ்ஸில போனாப் போச்சு" என்று பூங்கோதை கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள்.

முதல் சீப்பு தயங்கியது. "அண்ணே, வகிடு எடுக்கவாவது என்னைச் சேர்த்துக்குவீங்களா?"

"வா, ஆனா மெதுவா வா."