கவசத்தின் முதுகுப் பக்கம்

"இவளுக்கு யாருடா முதுகுல வார் மாட்டி விடுறது?" என்று கேட்டாள் அக்கா.

அவள் கையில் தம்பியின் கைபேசி. திரையில் அவன் எழுதிக்கொண்டிருக்கும் கதை. கதையில் தளபதி விடியலில் எழுந்து, ஒரே மூச்சில் இரும்புக் கவசத்தை மாட்டி, இறக்கை முளைத்த குதிரை மேல் தாவி, மலைக் கணவாயைக் காக்கக் கிளம்பிவிட்டாள்.

"அவளே மாட்டிக்குவா. அவளை யாருன்னு நெனச்ச?"

"யாரா இருந்தா என்ன? கை என்ன பின்பக்கமாவா மொளச்சிருக்கு?"

இந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது தம்பி அக்காவுக்குப் பின்னால் மண்டியிட்டு, அவளுடைய இடுப்புப் பட்டையின் வாரைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தான். அப்படியும் அவனுக்கு உறைக்கவில்லை. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இந்த ரகம்தான்.

அக்கா பெரிய சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை எந்திரத்திலிருந்து ஈரத்தோடு வெளியே இழுப்பது அவள் வேலை. இழுத்து இழுத்து முதுகு போயிற்று. கடையில் விற்கிற பட்டைக்கு பக்கிள் முன்னால் இருக்கும். எந்திரத்தின் வாய்க்குள் குனிந்தால் அது வயிற்றில் குத்தும். அதனால் பை தைக்கிறவரிடம் கொடுத்து பக்கிளைப் பின்பக்கம் மாற்றிக்கொண்டாள். கை பின்னால் எட்டும். இழுத்து இறுக்கத்தான் தெம்பு கிடைக்காது.

அதற்குத்தான் தம்பி. தினமும் காலையில் அவன் போர்வையை உருவிவிட்டு, "எந்திரிடா தடிமாடு, வந்து கட்டி விடு" என்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அவனும் பாதித் தூக்கத்தில் திட்டிக்கொண்டே கட்டிவிடுவான்.

இன்று திட்டவில்லை. இன்று அவன் ஊரை விட்டுப் போகிறான்.

கணினி விளையாட்டுக்குக் கதை எழுதும் வேலை. வேறு ஊர். அவன் இணையத்தில் எழுதியதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'பலமான பெண்களை ரொம்ப நன்றாக எழுதுகிறீர்கள்' என்றார்களாம். அதைக் கேட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

பயணப் பை கதவில், ஓர் ஆணியில் தொங்கியது. இடுப்பு உயரத்தில் அடித்த ஆணி. ஒரு மாதத்துக்கு முன்பு அக்காதான் அடித்தாள். "யாருக்குக்கா இது, குள்ளனுக்கா?" என்று அப்போது கேலி செய்திருந்தான்.

வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"சரி, நீதான் சொல்லேன். எப்படி மாட்டுவா?" என்றான்.

"கூடாரக் கம்பத்துல ஓர் ஆணி அடிச்சு வெச்சிருப்பா. வார் நுனியில ஒரு வளையம் தெச்சிருப்பா. வளையத்தை ஆணியில மாட்டிட்டு முன்னால நடந்தா வார் தானா இறுகிக்கும். அப்புறம் பக்கிள் ஊசியைக் கையாலயே தடவிக் கண்டுபுடிச்சிரலாம்."

அவன் இழுப்பதை நிறுத்தினான்.

"அருமையா இருக்குக்கா! எப்படித் தோணுச்சு?"

"உன்கூடப் பொறந்துட்டு இதுகூடத் தோணலன்னா எப்படி?"

எழுதி வைத்துக்கொள்ளவேண்டும் என்று நினைத்தபடி வாரின் நுனியைப் பிடித்தான். விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

சிறிய துணி வளையம். அக்காவின் கைத்தையல்.

அவன் கதவைப் பார்த்தான். பையைப் பார்த்தான். பைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த ஆணியைப் பார்த்தான்.

வேலை கிடைத்த செய்தியை அவன் சொன்னதும் ஒரு மாதத்துக்கு முன்புதான்.

நல்லது, என்று நினைத்தான். நான் போன பிறகு சமாளித்துக்கொள்வாள். மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்தப் பாரம் அங்கே இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் வளையம் புதிதாக இல்லை.

உள்பக்கம் முழுக்கத் துருக்கறை. ஓரத்து நூல் பிய்ந்து, அதன் மேல் மறுபடி ஒரு தையல். அக்காவின் சீருடைச் சட்டையைப் பார்த்தான். நேற்று சாயங்காலம் இஸ்திரி போட்டது. அதன் இடுப்பில், அவன் இப்போது கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குச் சற்று மேலே, பட்டை அழுத்திய கசங்கல் ஒன்று ஏற்கெனவே இருந்தது.

கட்டியிருக்கிறாள். தனியாக, சரியாக, இறுக்கமாக. பிறகு அவிழ்த்துவிட்டு வந்து அவன் போர்வையை உருவியிருக்கிறாள்.

ஹாரன் மறுபடி அடித்தது.

"ஏங்க்கா" என்றான். "அதான் ஆணி இருக்கே. அப்புறமும் அந்தத் தளபதி யாரையாச்சும் கட்டி விடக் கூப்பிடுவாளா?"

அக்கா திரும்பவில்லை. கைபேசியில் கதையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடுவா. இல்லன்னா கூடாரத்துல இருக்கிற தடிமாடு எப்பத்தான் எந்திரிக்கிறது?"

அவன் பக்கிளை மாட்டினான். ஊசி துளைக்குள் சரியாக விழுந்தது. ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு அவிழ்த்தான்.

"என்னடா?"

"சரியா விழலக்கா."

"வண்டிக்காரர் திட்டப் போறார்."

"திட்டட்டும்" என்றபடி வாரை முதலிலிருந்து இழுக்கத் தொடங்கினான்.