கழுவி வைத்த படகு

பறிமுதல் செய்த படகுகளைத் துறைமுக அலுவலகம் ஏலம் விடும்போது, படகுக்காரர் வீட்டு ஆள் வந்து நின்றால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். போட்டிக்கு ஆளில்லாமல் படகு வீடு திரும்பிவிடும். அன்று வந்து நின்றவள், செத்துப்போன படகுக்காரரின் மனைவி. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். துறைமுகத்தில் படகு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக் மட்டும் கையைத் தூக்கினார்.

ஏலத்தில் எடுத்த படகைத் தன் வீட்டு முற்றத்தில் கட்டைமேல் ஏற்றி வைத்தார். மறுநாள் காலை அது கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. அதற்கடுத்த நாளும்.

"விடியறதுக்குள்ள எழுந்து கழுவிட்டீங்களா?" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

"ஆமா" என்றார்.

சாயங்காலம், ஏலத்துக்கு வந்து நின்ற அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனார்.

"அக்கா, நீங்களா வந்து படகைக் கழுவறீங்க?"

"நான் எதுக்குப்பா வரணும்? தினம் கழுவறது எங்க வீட்டுக்காரர் வேலை. யாரோட படகா இருந்தாலும் அழுக்கா கிடந்தா அவருக்குப் பொறுக்காது." குரலில் கோபமே இல்லை. உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

மறுநாள் காலையும் படகு ஈரமாக இருந்தது. முந்தின நாள் படகுக்குள் கழற்றிப் போட்ட அவருடைய செருப்பும் கழுவப்பட்டு, கால் நுழைக்க வாகாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

மெக்கானிக் வெறுங்காலோடு வேலைக்குப் போனார்.