நூலில்லாத தையல்

பிற்பகல் வெயில் கூடத்தில் நீளமாக விழுந்திருக்கிறது. தொட்டிலில் பேரன் வீறிட்டு அழுகிறான். கண்ணாடி ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்ட என் மகள், "சத்தமே இருக்கக் கூடாதும்மா" என்கிறாள். "எனக்கு ஒரு தாலாட்டாவது பாடியிருப்பியா? எந்நேரமும் அந்தத் தையல் மெஷின்தான்." மெஷினில் நூலைக் கழற்றிவிட்டு வெறுமனே மிதிக்கிறேன். தடதடவென்று தரை அதிர்கிறது. "அம்மா!" என்று பதறுகிறாள். தொட்டிலில் அழுகை தேம்பலாகிறது, தேம்பல் சீரான மூச்சாகிறது. "பாத்தியாடி?" என்று பெருமையோடு திரும்புகிறேன். சிறுவயதில் தூங்கிய அதே மூலையில், துண்டுத்துணிக் குவியலில் தலை சாய்த்து, வாயைப் பிளந்தபடி அவளும் தூங்குகிறாள். இருபத்தெட்டு வருடம் கழித்தும் அவளுக்கு என் பாட்டு மறக்கவில்லை. கால் கடுக்கிறது. நிறுத்துவேனா?