யார் போட்ட படம்?

"உங்க பொண்ணு போட்டோ இன்டர்நெட்ல கிடக்குது, சம்பந்தி. இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்."

பரமக்குடியிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்த சூடாமணி அம்மாள், உட்காராமலேயே சொன்னார். அவருக்குப் பின்னால் இளைய மகன் விஜய்ஆனந்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

ஜனகராஜ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சூடாமணி அம்மாளின் மூத்த மகன் வெங்கடேஷ்பாபுவுக்கும் தம் மகள் ரம்யாஸ்ரீக்கும் ஆவணியில் கல்யாணம். நிச்சயம் முடிந்து, மண்டபத்துக்கும் சொல்லியாகிவிட்டது.

"யார் பார்த்தாங்க, சம்பந்தியம்மா?"

"சென்னையில இருக்கிற எங்க அண்ணன் மகன். படம், பேரு, தெரு, உங்க வீட்டு போன் நம்பர்னு எல்லாம் இருக்குதாம். இம்புட்டையும் ஊரறியப் போடுறவளை மருமகள்னு எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

ஜனகராஜுக்கு ஒன்று விளங்கிற்று. சில நாட்களாக வீட்டுத் தொலைபேசியில் அறிமுகமில்லாத ஆண் குரல்கள் ரம்யாவைப் பெயர் சொல்லிக் கேட்கின்றன. "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார். வைத்துவிட்டு மகளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பிய நேரம் சரியில்லை என்று நொந்துகொள்வார்.

"ரம்யா! இங்கே வா."

வந்தாள். கேட்டாள். அழவில்லை.

"யாரோட பக்கத்துல இருக்கு, அத்தை?"

"பக்கமாவது, மூலையாவது! இன்டர்நெட்ல இருக்குங்கிறேன்."

"அதுல எதுவும் தானா வராது, அத்தை. யாராவது போட்டாத்தான் உண்டு. போட்டது யாருன்னு கேட்டீங்களா?"

"அவன் சொல்ல வாயெடுத்தான். எனக்கு வந்த ஆத்திரத்துல போனை வச்சுட்டேன்."

"வாயைக் குறை, ரம்யா," என்றார் ஜனகராஜ்.

"குறைச்சுக்கிறேன்ப்பா. சிம்மக்கல்லுல பிரவுசிங் சென்டர் இருக்கு. எல்லாரும் போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம்."

"எதுக்கும்மா அலைச்சல்? வெயில் ஏறுறதுக்குள்ள ஊருக்குப் போயிடலாம்," என்று விஜய்ஆனந்த் முதன்முறையாக வாய் திறந்தான்.

"நீ சும்மா இருடா. அவங்களே கண்ணால பார்க்கட்டும். நீதானே கம்ப்யூட்டர் படிச்சவன், நீயே திறந்து காட்டு."

சென்டரில் மரத்தடுப்புகளுக்கு நடுவே கல்லூரிப் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். சூடாமணி அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

"நல்லாப் பெரிசாக்குடா! குடும்பத்துப் பொண்ணு எப்படி இருக்கக் கூடாதுன்னு இந்தப் பிள்ளைங்களும் தெரிஞ்சுக்கட்டும்!"

தடுப்புகளுக்கு மேலே தலைகள் எழுந்தன. ஜனகராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஜய்ஆனந்த் பாஸ்வேர்டைத் தப்பாகத் தட்டினான். மறுபடியும் தப்பாகத் தட்டினான். அம்மா முதுகில் ஒன்று வைத்த பிறகு சரியாக வந்தது.

படம் மேலிருந்து கீழாக, நத்தை போல இறங்கிற்று.

முதலில் சுவர். அதில் ஜனகராஜ் கடையின் காலண்டர். அடுத்து ரம்யாவின் முகம். பிறகு, பெண் பார்க்க வந்த அன்று அவள் கட்டியிருந்த அரக்குப் பட்டு. அவள் நீட்டிய தட்டு. கடைசியாக, தட்டிலிருந்து காபி டம்ளரை எடுக்கும் ஒரு பருத்த கை. அதில் சிவப்புக் கல் வைத்த வளையல்.

அந்த வளையல் இப்போது ஜனகராஜின் கண்ணெதிரே, விஜய்ஆனந்தின் நாற்காலியைப் பற்றிக்கொண்டிருந்தது.

படத்துக்கு மேலே விஜய்ஆனந்தின் பெயர். கீழே, 'வரப்போகிற அண்ணி' என்ற அறிமுகத்தோடு ரம்யாவின் பெயரும் தெருவும் தொலைபேசி எண்ணும். அதற்கும் கீழே, முன்பின் தெரியாத ஆண்கள் எழுதிவிட்டுப் போன அசட்டு வரிகள்.

சூடாமணி அம்மாள் சட்டென்று, இரு வீட்டாரும் பேசும் சௌராஷ்டிர மொழிக்கு மாறினார். அதுவரை கடை முழுவதும் கேட்கும்படி தமிழில் பேசியவர், இப்போது சுற்றியிருப்பவர்களுக்கு ஒரு சொல்லும் புரிந்துவிடக் கூடாது என்று, வீட்டு மொழியில் மகனிடம் சீறினார்.

"எல்லாரும் பார்க்கவாடா போடச் சொன்னேன்? சிங்கப்பூர்ல இருக்கிற உங்க அக்கா பார்க்கட்டும்னுதானே சொன்னேன்!"

"அக்கா போன்லயும் பேசணும்னா. அதான் நம்பரையும் போட்டேன்," என்றான் அவனும் அதே மொழியில்.

"அக்காவுக்குப் போட்டா, அக்காவுக்கு மட்டும்தானேடா தெரியணும்?"

ரம்யா குனிந்து, எதை அழுத்தினால் படம் போகும் என்று அவனுக்குக் காட்டினாள். அழுத்தினான். படம் போயிற்று.

"இங்கேருந்து போயிடுச்சு. இதுக்குள்ள யாராவது எடுத்து வச்சிருந்தா, அதை அழிக்க நம்மால ஆகாது," என்றாள்.

அப்படியே எழுந்து நகரப் போனவனை நிறுத்தி, தன் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு வரச் சொன்னாள்.

சூடாமணி அம்மாளுக்கு மூச்சு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டு மொழியிலேயே சொன்னார்:

"ஏதோ தெரியாம நடந்துபோச்சு, சம்பந்தி. நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. ஆவணியிலேயே முடிச்சுடுவோம். பொண்ணு கெட்டிக்காரிதான். ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்துக்கு அப்புறம் இவ இந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது. எங்க குடும்பத்துக்கு அது சரிப்படாது."

ஜனகராஜ் மகளைப் பார்த்தார். பிறகு, காலியான நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு, கடைக்காரரிடம் எல்லோருக்கும் கேட்கும்படி நல்ல தமிழில் சொன்னார்:

"தம்பி, இந்தக் கம்ப்யூட்டரை இன்னும் ஒரு மணி நேரம் எங்களுக்கே விடுங்க. எம் பொண்ணுக்கு வேற மாப்பிள்ளை பார்க்கணும்."