நாற்பது மைப்பொட்டுகள்

கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்தின் மரபணுவை அடக்கிவிட்டால் பட்டுப்புழுவுக்கு நோயைத் தாங்கும் தெம்பு இருக்காது என்பது தமயந்தி மூன்று வருடமாகச் சாதித்துவரும் கட்சி. அப்படி அடக்கிய நாற்பது புழுக்களுக்கு வைரஸைக் கொடுத்து ஐந்து நாளாகியும் ஒன்றுகூடச் சாகவில்லை. ஆய்வகத்தில் மல்பெரித் தழை போடும் மாதம்மாள்மேல்தான் அவளுக்குச் சந்தேகம். செத்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு, அடுத்த தட்டிலிருந்து நல்ல புழுவை எடுத்துப் போட்டுவைக்கிறாளோ? யாருக்கும் தெரியாமல் தமயந்தி ஒவ்வொரு புழுவின் முதுகிலும் கறுப்பு மையால் பொட்டு வைத்தாள். தலையைத் தூக்கியபடி அவை அசையாமல் கிடந்தது வசதியாகப் போயிற்று. மறுநாள் மாலை நாற்பதும் தழை தின்றுகொண்டிருந்தன. ஒன்றின் முதுகிலும் பொட்டில்லை.

“மாத்திட்டீங்கல்ல? உண்மையச் சொல்லுங்கக்கா.”

மாதம்மாள் தட்டில் தின்று மிஞ்சிக் கிடந்த தழைச் சக்கையைக் கிளறி, சுருண்ட தோலொன்றை விரல்நுனியில் எடுத்து நீட்டினாள். அதில் பொட்டு இருந்தது.

“தூங்குற புழுவுக்குப் பொட்டு வெச்சா நிக்குமா மேடம்? தோல உரிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு.”

தமயந்தி சக்கை முழுவதையும் கிளறித் தோல்களை எண்ணினாள். நாற்பது. மறுபடியும் எண்ணினாள். இந்தப் பொம்பளை ஒன்றையாவது மாற்றியிருக்கக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.