பியானோவுக்கு ஒரு கையெழுத்து

பக்கத்து வீட்டு எவரிஸ்தோ கையெழுத்துப் போட்டால்தான் ஜுல்மாவின் வீட்டுக்குள் பியானோ வர முடியும். மாண்டிவிடியோவின் அந்தப் பழைய அடுக்குமாடியில் விதி அப்படி.

எவரிஸ்தோ துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. மேல்வீட்டு மிக்சி, கீழ்வீட்டுக் கிளி, எதிர்வீட்டுக் குழந்தையின் நடைவண்டி என்று ஒன்று விடாமல் புகார் எழுதியவர்.

மகள் நொயேலியாவுக்கு மார்ச்சில் இசைப்பள்ளித் தேர்வு. வேறு வழியில்லாமல் ஜுல்மா அவர் கதவைத் தட்டினாள்.

படிவத்தை இரண்டு தடவை படித்தார். "போடறேன். ஆனா பியானோ வாங்கப் போறப்ப நானும் வருவேன்."

சனிக்கிழமை மூவரும் பழைய சாமான் கடைக்குப் போனார்கள். எவரிஸ்தோ அக்குளில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவை சகிதம் வந்தார்.

ஜுல்மாவின் கவலை அளவு. ஃப்ரிட்ஜுக்கும் சோபாவுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நொயேலியாவின் கவலை ஸ்வரம். எவரிஸ்தோவின் கவலை என்னவென்றுதான் புரியவில்லை. நொயேலியா வாசிக்க ஆரம்பித்ததும் கடையை விட்டு வெளியே போய்ச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து வேண்டாம் என்று தலையாட்டினார்.

மூன்று பியானோக்கள் இப்படியே கழிந்தன.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "பெரியவரே, பியானோ வாங்க வந்தீங்களா, வேவு பார்க்க வந்தீங்களா?"

எவரிஸ்தோ மாத்தேயை ஒரு இழுப்பு உறிஞ்சிவிட்டு அடுத்த பியானோவைக் காட்டினார்.

இருக்கிறதிலேயே சத்தம் குறைந்ததைப் பொறுக்குகிறார், கிழவருக்குத் தன் தூக்கம்தான் பெரிது என்று ஜுல்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். நாலாவதுக்குச் சரி என்று தலையசைத்தார். ஒரு கட்டையில் மூலை பெயர்ந்த, குட்டையான பியானோ. நல்ல வேளை, நொயேலியாவுக்கும் அது பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் விடவில்லை. ஜுல்மா தெருப்பக்கச் சுவரோரம் வைக்கச் சொன்னாள். அங்கே ஈரம், மரம் ஊறிவிடும் என்று சொல்லி, ஆட்களை ஏவித் தன் வீட்டை ஒட்டிய சுவரோரம் வைக்க வைத்தார்.

"அப்பத்தானே புகார் எழுத ஆதாரம் கிடைக்கும்," என்று ஜுல்மா தங்கையிடம் போனில் புலம்பினாள்.

செவ்வாய்தோறும் மிர்த்தா டீச்சர் வந்தார். அவருக்குக் கணீரென்ற குரல். இரண்டு வகுப்புகள் முடிந்தும் புகார் வரவில்லை. அதுவே ஜுல்மாவுக்குப் பயமாக இருந்தது. மூன்றாவது வாரம் அவள் டீச்சரிடம், பக்கத்து வீட்டு மனுஷர் ஒரு மாதிரி, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

டீச்சரும் கிசுகிசுத்தார்.

பத்தே நிமிடம். சுவரில் டொக், டொக்.

டீச்சர் இன்னும் குரலைத் தாழ்த்தினார். மறுபடியும் டொக், டொக், டொக்.

ஜுல்மாவுக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டிவிடுவது என்று போனாள். கதவு திறந்தே கிடந்தது.

சாப்பாட்டு மேஜையில் நீளமான அட்டை ஒன்று. அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மையால் கறுப்புத் தீட்டிய பியானோக் கட்டைகள். பக்கத்தில் ஒரு நோட்டு, பென்சில். எவரிஸ்தோவின் வலது கை இன்னும் அட்டை மேலேயே இருந்தது.

ஜுல்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அவர் காது சிவக்க எழுந்து நின்றார். "தப்பா நினைச்சுக்காதம்மா. டீச்சரைக் கொஞ்சம் சத்தமா சொல்லச் சொல்றியா? கட்டை விரலுக்கு அப்புறம் எந்த விரல்னு எனக்குக் கேட்கவே இல்லை."